நான் கழித்துப் போட்ட கற்கள்

என் தோழி போனில் பேசும்போது பின்னால் காற்றுச் சத்தம் கேட்கும். ராஜஸ்தானில் ஏதோ ஒரு மலைச்சரிவில் நின்றுகொண்டு பேசுவாள். என் பக்கம் கல் அறுக்கும் மெஷின் சத்தம். "எங்கடி இருக்க, ஒண்ணுமே காதுல விழல" என்பாள். எங்கே இருக்கப் போகிறேன்? பர்கூர் ரோட்டில் ஒரு கிரானைட் கம்பெனியில், கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கேதான் இருக்கிறேன். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கேட்பாள், எனக்கும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் நிலவியல் படித்தோம். பூமியைப் பற்றிய படிப்பு, பாறை, மண், மலை. வகுப்பில் பெண்கள் என்று இருந்தது நாங்கள் இருவர்தான். அவள் சிங்காரப்பேட்டைக்காரி, நான் நாகரசம்பட்டி. படிப்பு முடிந்ததும் ஆராய்ச்சிக்கான நுழைவுத் தேர்வை ஒன்றாக எழுதினோம், இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவள் போனாள். எனக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆனது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தேன், பிடித்திருந்தது, சரி என்றேன். இன்றைக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆக, என் பொறாமைக்குப் பழி போட ஓர் ஆள் கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கம்பெனியில் என் வேலை, அறுத்து வரும் பலகைகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பலகையின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கல் காயும்போது, விரிசல் இருக்கும் இடம் மட்டும் கடைசி வரைக்கும் கறுப்பாக நிற்கும். தண்ணீர் உள்ளே போய்விட்டிருக்கும். அந்தக் கோட்டின் மேல் சிவப்பு கிரேயானால் கோடு போட்டு, மூலையில் ஒரு பெருக்கல் குறியும் போட்டால் அந்தப் பலகை கழிவு. வெறுங்கண்ணில் தெரியாத விரிசலையும் நான் விடமாட்டேன். எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வெளியூர் பார்ட்டிகளிடம், "இந்தம்மா கண்ணுல படாம ஒரு கோடும் தப்பாது" என்று சொல்லிக்கொள்வார்.

ஆனால் கிரானைட் என்பது உருகி உறைந்த கல். அதற்குத் தலை கால் கிடையாது. எது மேல்புறம், எது கீழ்புறம், எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று எங்கள் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை, கேட்கவும் தேவையில்லை. வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அழகாக இருந்தால் போதும். அதற்காக ஒரு பலகையை நேராக வைத்து, அடுத்ததைக் கீழ்மேலாகப் புரட்டி மறுபுறத்தைப் பாலிஷ் போட்டு, விரித்த புத்தகம் மாதிரி சேர்ப்பார்கள். எங்கள் ஆட்கள் அதில் கில்லாடிகள்.

ஓசூரில் பெங்களூர் ரோட்டின் மேல் ஒரு பெரிய ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரவேற்புக் கூடத்துச் சுவருக்கு மணற்கல் வேண்டும், அதுவும் வரி வரியாக இருக்கும் ராஜஸ்தான் கல் வேண்டும் என்று கேட்டார்கள். பாய் அதுவரை மணற்கல்லைத் தொட்டதில்லை. ஆனாலும் வந்த ஆர்டரை விட மனசில்லாமல் வாங்கிவிட்டார். லாரியில் கல் வந்து இறங்கிய அன்று, அதில் ஒட்டியிருந்த சீட்டில் சுரங்கம் இருக்கும் ஊரின் பெயரைப் பார்த்தேன். என் தோழி வருஷா வருஷம் போய் உட்காரும் மலைகள் அந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. அவள் அங்கே போகிறாள், அந்த மலை என்னைத் தேடி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுவதும் அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது.

அவள் அந்த மலைகளில் எதைத் தேடுகிறாள் என்பது எனக்கு மனப்பாடம். அத்தனை முறை போனில் சொல்லியிருக்கிறாள். அந்த மணல், உலகத்தில் பாசியைத் தவிரப் பெரிதாக எந்த உயிரும் இல்லாத காலத்தில், கரையோரத்து ஆழமில்லாத கடலில் படிந்தது. ஆனால் அதைப் படியவைத்தது வெறும் அலையா, புயலா, அல்லது நிலவு இழுக்க இழுக்க ஏறி இறங்கும் ஓதமா? ஓதம்தான் என்கிறாள் அவள். நம்பாதவர்கள் இருக்கிறார்கள். நிரூபிக்க அவளுக்கு ஓர் அடையாளம் வேண்டும். ஓதம் ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது எதிர்ப் பக்கமும் தண்ணீர் ஓடும். அதனால் கடலடி மணல்மேடுகளின் சரிவு வரிகள் ஓர் அடுக்கில் வலது பக்கம் சாய்ந்தும், அதற்கு மேல் அடுக்கில் இடது பக்கம் சாய்ந்தும் நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். அந்த மீன்முள்ளைத்தான் அவள் வெயிலில் தேடிக்கொண்டிருந்தாள். மலைகளில் பாறையின் முகம் கறுத்து, பாசி படிந்து, பாதி உதிர்ந்து கிடக்கும். ஒன்றும் சரியாகத் தெரியாது என்று புலம்புவாள். புலம்பலிலும் ஒரு பெருமை இருக்கும்.

எங்கள் கம்பெனியில் அந்தக் கல்லை வெண்ணெய் மாதிரி அறுத்தோம். அறுத்த முகத்தில் சாய்ந்த வரிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வோர் அடுக்கும் ஒரு சாண் உயரம் இருந்தது. பாய் ஒரு யோசனை சொன்னார். அடுக்கு அடுக்காகப் பட்டையாக அறுத்து, ஒரு பட்டையை நேராகவும் அடுத்த பட்டையைக் கீழ்மேலாகப் புரட்டியும் பலகையில் ஒட்டி, இடுக்கில் அதே கல்லின் தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் ஓட்டிவிட்டால் ஒட்டு தெரியாமல் ஒரே கல்லாகத் தெரியும். அப்படித்தான் செய்தோம். முதல் பலகை முடிந்ததும் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. என் முன்னால் அசல் மீன்முள் கிடந்தது.

அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், பட்டைகளை அடுக்கிக் கொடுத்ததே நான்தான். ஆனாலும் போட்டோ எடுத்தேன். 'எங்க கம்பெனியில் கடல்' என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். என் ஸ்டேட்டஸை அத்தை பார்ப்பார், பால்காரர் பார்ப்பார், என் மகளின் டீச்சர் பார்ப்பார். நான் போட்டது ஒரே ஒருத்திக்காக. ஒரு நாளாவது அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள். நான் கேட்டது அவ்வளவுதான்.

டீ குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது. "அந்தக் கல்ல யாரும் தொடாதீங்கடி. நான் வரன்" என்றாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது ஒட்டுக் கல் என்று. நான் "வா" என்றேன்.

அவள் வரும் நாளுக்கு நான் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். கல் தூளில் நாள் முழுக்க நிற்கும் வேலைக்கு யாரும் அதைப் போட மாட்டார்கள். அவள் பர்கூரில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்தாள். தேய்ந்த பூட்ஸ், மண் கலர் பேன்ட், கறுத்த முகம். அந்தக் கறுப்பைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. அது சும்மா வந்த கறுப்பில்லை, மலை மலையாக ஏறி வந்த கறுப்பு. பாய் எழுந்து நின்று "வாங்க டாக்டரம்மா" என்றார். அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. என்னை அவர் "ஏம்மா" என்பார். கம்பெனிப் பையனை அனுப்பி மாம்பழ ஜூஸ் வேறு வாங்கி வரச் சொன்னார். எனக்கு வெறும் டீதான்.

பலகையை வெயிலில் சாய்த்து வைத்திருந்தோம். பாலிஷ் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். நகத்தால் ஒரு வரியைத் தடவினாள். அடுத்த பட்டைக்குப் போனாள். மறுபடி முதல் பட்டைக்கு வந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாந்துவிடு என்று மனசுக்குள் சொன்னேன், வேண்டுதல் மாதிரி சொன்னேன். அவள் மெல்லத் தலையைச் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், கடைசியில் கிட்டத்தட்டத் தலைகீழாகப் பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

"இதத் தலைகீழா ஒட்டி வச்சிருக்கீங்கடி" என்றாள்.

எப்படி என்று அவளே காட்டினாள். மணல், மேட்டின் உச்சியிலிருந்து சரிந்து கீழே வரும்போது, அடியில் காலை நீட்டிப் படுப்பது போல வளைந்து படியும். மேல் முனையை, அடுத்து வரும் தண்ணீர் சீவிக்கொண்டு போய்விடும். அதனால் சரியான அடுக்கில் வரிகளின் கால் வளைந்திருக்கும், தலை வெட்டுப்பட்டிருக்கும். இங்கே ஒன்று விட்டு ஒரு பட்டையில் வெட்டுப்பட்ட முனை கீழே இருந்தது, கால் மேலே இருந்தது. கடல் தலைகீழாக நிற்காது இல்லையா என்று பாலிஷ் ஆட்களிடம் கேட்டாள். அவர்களும் சிரித்தார்கள். பாய்க்குத்தான் பயம் வந்துவிட்டது, ஓட்டல்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களா என்று. ஒருத்தருக்கும் தெரியாது, அழகாக இருக்கிறது என்று அவள் சமாதானம் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இவ்வளவு தூரம் வந்து ஏமாந்தவள் கொஞ்சமாவது முகம் சுளித்திருக்கலாம். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கை கழுவ என்று குழாய்ப் பக்கம் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் காம்பவுண்டு சுவரோரம், நான் கழித்துப் போட்ட பலகைகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மணற்கல்லில் கழிவு ரொம்ப அதிகம். கிரானைட் மாதிரி நினைத்துத்தான் அதையும் சோதித்தேன். தண்ணீர் ஊற்றினால் சாய்ந்த வரிகளுக்கு இடையில் மெல்லிய கோடுகள் கறுப்பாக நின்றுவிடும், ஒன்றிரண்டல்ல, வரிசையாக. பாலிஷ் போடும்போது அந்தக் கோட்டில்தான் கல் உடையும். நான் ஒன்று விடாமல் கிரேயான் போட்டுக் கழித்திருந்தேன்.

"இந்தக் கோடெல்லாம் யாருடி போட்டது?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். உடைகிற கல், அதனால் போட்டேன் என்றேன்.

"ஒண்ணு கூட விடலடி நீ" என்றாள்.

அந்தக் கோடுகள் விரிசல் இல்லை. களிமண். ஓதம் ஏறி முடிந்து இறங்கத் தொடங்கும் முன்பு கடல் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அந்த அமைதியில், மணலின் மேல் காகிதம் போல மெல்லிசாகச் சேறு படியும். அடுத்த ஓதம் அதன் மேல் மணலைக் கொட்டும். மீன்முள்ளை விட அது நல்ல சாட்சி. பலமான ஓதம் தடிமனான மணலைக் கொட்டும், பலவீனமான ஓதம் மெல்லிசாக. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் பொங்கும், நடுவில் தணியும். ஆகவே கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள மணல் தடித்து, மெலிந்து, மறுபடி தடிக்க வேண்டும். அப்படி ஒரு வரிசை முழுசாகக் கிடைத்தால் போதும், அலை, புயல் என்று எவரும் வாய் திறக்க முடியாது. மலையில் அந்தச் சேறு காற்றிலும் மழையிலும் முதலில் உதிர்ந்துபோய்விடும். இங்கே அறுத்து, கழுவி, கோடும் போட்டு வைத்திருக்கிறாய் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை. நான் அந்தக் கல்லை வாரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், விரலால் தடவியிருக்கிறேன், அது கடல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா என்று பாயிடம் கேட்டாள். இடம் காலியாகும் சந்தோஷத்தில் அவர் ஆட்களை விட்டுக் கம்பெனி வேனில் ஏற்றச் சொன்னார்.

அவர்கள் ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பலகை நினைவுக்கு வந்தது. நான் சோதிக்கும் முன்பே பாலிஷுக்குப் போய், நடுவில் ஒரு சேற்றுக் கோட்டில் இரண்டாக உடைந்தது. ஒரு பாதி, பிறகு நான் கோடு போட்டுக் கழித்தது, குவியலில் இருந்தது, அவள் கையிலேயே பார்த்தேன். மறு பாதியை, நான் கோடு போடும் முன்பே, பாலிஷ் கொட்டகையின் பின்னால் யாரோ வாளி வைக்கப் போட்டிருந்தார்கள். நான் மட்டும் போய் வாளியை நகர்த்தி, கல்லைக் கழுவி, உட்கார்ந்து பார்த்தேன். உடைந்த முனையில் மணல் ரொம்ப மெல்லிசு. அங்கிருந்து கோட்டுக்குக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போனது, மறுமுனை வரைக்கும். அவளிடம் இருக்கும் பாதியில் தடித்த வரி மெலிந்து வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்தால் ஒரு பௌர்ணமியிலிருந்து ஓர் அமாவாசை வரைக்கும் முழுசாக இருக்கும். இதை யாரும் எனக்குக் காட்டவில்லை, நானே படித்தேன். கல்லூரியை விட்ட பிறகு நான் முதன்முதலாகப் படித்த கல் அது.

வேன் கிளம்பும் முன் அவள் கேட்டாள், உடைந்த பலகையின் இன்னொரு பாதி எங்கே என்று. கிடைத்தால் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் என் கணவர் ஷிப்டு முடிந்து அழைக்க வந்தபோது, அதை வண்டியின் கால் வைக்கும் இடத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். "நாள் பூரா கல்லோட இருக்கற, வூட்டுக்கும் வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன். எனக்கென்று ஒன்று வேண்டியிருந்தது.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றுவேன். காயக் காய கோடுகள் ஒவ்வொன்றாக நிற்கும். அடுத்த வீட்டு அக்கா என்னைப் பார்த்து ஏதோ சாமிக்கு அபிஷேகம் என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

போன வாரம் தோழியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கட்டுரையில் போடப் போகும் படம். கறுப்புத் துணியின் மேல் அந்தப் பாதிக் கல், பக்கத்தில் ஓர் அளவுகோல். கூர்ந்து பார்த்தேன். கல் பளபளவென்று சுத்தமாக இருந்தது. என் சிவப்புக் கோடுகள் ஒன்றும் இல்லை. தின்னர் போட்டுத் துடைத்திருக்க வேண்டும், கிரேயான் வேறு எதற்கும் போகாது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: 'இது பாதில நிக்குதுடி. மறு பாதி மட்டும் இருந்தா போதும். இல்லன்னா இவ்வளவும் வீண். நல்லா தேடிப் பாரேன்.'

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டுரைப் படத்தில் கிரேயான் கிறுக்கல் இருக்கக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒன்று கூட விடவில்லை என்று சொன்னவள் அவள்தான். விடாமல் போட்ட ஒவ்வொன்றையும் அவள் விடாமல் துடைத்திருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெருக்கல் குறி போட்ட மூலையில் ஒரு பொட்டுச் சிவப்பாவது மிச்சம் இருக்காதா என்று தேடினேன். இல்லை. அவளுடைய வருஷங்கள் எல்லாம் அந்தப் படத்தில் இருந்தன, என்னுடையது ஒரு கோடு கூட இல்லை.

செய்தியைப் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கு நீல டிக் போயிருக்கும். இரண்டு நாள் பதில் போடவில்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று ஒரு வரி அடித்தால் முடிந்தது, அடித்தும் பார்த்தேன். அனுப்பவில்லை. என் பாதியும் தனியாக ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது மெலிந்த இடத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று சொல்ல அவளுடைய பாதி வேண்டும்.

கம்பெனியில் லாரியிலிருந்து இறங்கும் கற்களுக்கு நம்பர் எழுத ஒரு பெயின்ட் பேனா வைத்திருக்கிறோம். மழை, வெயில், ஆசிட், தின்னர், எதற்கும் போகாது. நேற்று அதைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். கல்லை ஆடாமல் சுவரில் சாய்த்து, தண்ணீர் ஊற்றி, காயும் வரை உட்கார்ந்திருந்தேன். கோடுகள் எழுந்தன. கல்லின் முகத்தில் எதுவும் எழுதவில்லை, அது அவளுக்கு வேண்டிய இடம். பக்கத்து விளிம்பில், ஒவ்வொரு சேற்றுக் கோடும் வந்து முடியும் இடத்தில், சின்னதாக ஒரு சிவப்புக் கோடு போட்டேன். ஒன்று கூட விடவில்லை. பெயின்ட் காய்ந்த பிறகுதான், 'கிடைச்சுது, வந்து எடுத்துக்க' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.